கோபர் கேஸை சுத்தம் பண்ணி சிலிண்டர்ல அடைக்கலாமா? மொதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

தம்பி கேட்டது இதுதான். தோட்டத்துல பத்து கலப்பின மாடு, 6 க்யூபிக் மீட்டர் கோபர் கேஸ் (சாணி கேஸ்) பிளான்ட், கேஸ் சேர்ற டிரம் மெதக்குற பழைய மாடல். தோட்டத்துச் சாளையில சமையல், மாட்டுக்கு தீவனம் வேக வெக்கிறது எல்லாம் போக தெனமும் 2, 3 க்யூபிக் மிச்சமாகி டிரம் ஓரமா குமிழி விட்டு வீணா போகுது. வீடு ஊருக்குள்ள 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அங்க எல்பிஜி வாங்குறாங்க. பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸர் வெச்சு கோபர் கேஸை காலி எல்பிஜி சிலிண்டர்ல ஏத்துற வீடியோ ஒண்ணு பாத்திருக்கார். அதே மாதிரி சுத்தம் பண்ணி ஏத்தி வீட்டுக்கு கொண்டு போகலாமா, முடிஞ்சா ஆட்டோவும் ஓட்டலாமான்னு கேக்குறார்.

நான் பதினெட்டு வருசமா நாமக்கல், ஈரோடு பக்கம் இந்த பிளான்ட் கட்டுறது, ரிப்பேர் பாக்குறதுன்னு இருக்கேன், வருசத்துக்கு பத்து பேராவது இதையே கேக்குறாங்க, அதனால ஒரு தடவை முழுசா எழுதிடறேன். வீட்டுக்கு கேஸ் கொண்டு போலாம், கண்டிப்பா போலாம். ஆனா சிலிண்டர்ல இல்ல.

ஏன்னு கேட்டா, எல்பிஜி சிலிண்டருக்குள்ள இருக்கறது கேஸ் இல்லீங்க, தண்ணி மாதிரி திரவம். புரொப்பேன், பியூட்டேன் ரெண்டும் நம்ம ஊர் வெயில்லயே சில பார் (நம்மள சுத்தி இருக்க காத்தோட அழுத்தம் சுமாரா ஒரு பார்) அழுத்தம் குடுத்தா திரவமாயிடும், அதான் அந்த சின்ன சிலிண்டர்ல 14.2 கிலோ அடங்குது. கோபர் கேஸ்ல எரியறது மீத்தேன். மீத்தேனை மைனஸ் 82 டிகிரிக்கு கீழ கொண்டு போகாம எவ்ளோ அழுத்தம் குடுத்தாலும் அது திரவமாகாது, அழுத்தமே இல்லாம திரவமாக்கணும்னா மைனஸ் 161 டிகிரி வேணும். அதனால நம்ம தோட்டத்துல நீங்க எப்படி அழுத்தினாலும் அது கேஸாவே தான் உள்ள இருக்கும். இந்த ஒரு விசயம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

இப்ப கணக்கு போடுவோம். வீட்டு சிலிண்டரோட உள்ளளவு 33 லிட்டர் சொச்சம். அதுல 8 பார் வரைக்கும் கோபர் கேஸ் ஏத்துனா கிட்டத்தட்ட 300 லிட்டர் கேஸ் இருக்கும், அதாவது 0.3 க்யூபிக். ஒரு க்யூபிக் கோபர் கேஸ்னா சுமாரா 0.45 கிலோ எல்பிஜிக்கு சமம். அப்ப அந்த சிலிண்டர் முழுக்க இருக்கறது 140 கிராம் எல்பிஜிக்கு சமமான சூடு, நெஜ சிலிண்டர்ல இருக்கறதுல நூத்துல ஒரு பங்கு. ஒரு பர்னர் ஒரு மணி நேரம் எரிஞ்சா காலி. கார்பன் டை ஆக்சைடை முழுசா எடுத்துட்டு ஏத்துனாலும் 200 கிராம் சொச்சம்தான் வரும். இதுக்காக பதினஞ்சு கிலோ இரும்பை 3 கிலோமீட்டர் தூக்கிட்டுப் போய்ட்டு திரும்பி வரணும். வீடியோல அடுப்பு பத்துறத மட்டும் காட்டுவாங்க, எத்தன நிமிசம் எரிஞ்சதுன்னு காட்ட மாட்டாங்க.

இது கூட பரவால்ல, ஆபத்து வேற இருக்கு. பிரிட்ஜ் கம்ப்ரஸர்ல மோட்டாரும் பம்பும் ஒரே டப்பாக்குள்ள இருக்கு, செப்புக் காயில் கேஸ் போற பாதையிலயே உக்காந்திருக்கு. நம்ம கேஸ்ல இருக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு செப்பை தின்னுடும், காயில் இன்சுலேசன் போய் உள்ளயே பொறி அடிக்கும். பொறி மட்டும் அடிச்சா எரியறதுக்கு காத்து வேணும்ல, அந்தக் காத்து எங்க இருந்து வரும்னா, கம்ப்ரஸர் உறிஞ்சற வேகத்துக்கு பிளான்ட்ல கேஸ் ஊறலன்னா ஹோஸ் ஜாயின்ட்ல எங்க லீக் இருந்தாலும் அது வழியா காத்தை உள்ள இழுக்கும். மீத்தேன் காத்துல 5ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா வெடிக்கும். அந்தக் கலவைய நீங்களே இரும்பு பாட்டில்ல அழுத்தி அடைச்சு, அத வீட்டுக்குள்ள கொண்டு போய் வெக்கிறீங்க. டோம் மாடல் (டிரம்முக்கு பதிலா அசையாத கட்டடக் கூரை இருக்கறது) வெச்சிருக்கவங்களுக்கு இன்னொரு பிரச்சினை, இப்படி உறிஞ்சுனா உள்ள வெற்றிடம் ஆகி டோம்லயே விரிசல் விழும். சட்டப்படியும் முடியாதுங்க, எல்பிஜி சிலிண்டர் எண்ணெய் கம்பெனியோட சொத்து, லைசென்ஸ் இல்லாம எந்த சிலிண்டர்லயும் கேஸ் ஏத்தக் கூடாதுன்னு 2016 கேஸ் சிலிண்டர் விதிகள் சொல்லுது. தயவு செஞ்சு அந்த யோசனைய விட்ருங்க.

சரி, சுத்தம் பண்றதுன்னா என்னன்னு பாப்போம், ஏன்னா இதுல தான் நெறைய பேர் கொழம்பறாங்க. சாணி கேஸ்ல 55ல இருந்து 65 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கூடவே நீராவி, அப்புறம் கொஞ்சூண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்த மூணும் மூணு வேற பிரச்சினை, மூணையும் எல்லாரும் எடுக்கணும்னு அவசியமே இல்ல.

கார்பன் டை ஆக்சைடு எரியாது, இடத்த அடைக்கும், அவ்ளோதான். அடுப்புக்கு அது இருந்தா ஒண்ணும் கெடுதல் இல்ல, உங்க சாளையில தெனமும் அதோட தானே சமைக்கிறீங்க. "தண்ணி கேன்ல குமிழி விட்டா கார்பன் டை ஆக்சைடு போயிடும்"னு சொல்றாங்கல்ல, அது சரியான தகவல் இல்ல. தண்ணியில அது கரையும், மீத்தேனை விட இருபது மடங்குக்கு மேல கரையும், அது உண்மைதான். ஆனா சாதாரண அழுத்தத்துல ஒரு க்யூபிக் கேஸ்ல இருக்க 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை கரைக்கணும்னா 1200 லிட்டருக்கு மேல புதுத் தண்ணி ஓடணும். இருபது லிட்டர் கேன் தண்ணி பத்தே நிமிசத்துல நெறஞ்சு போய் அதுக்கப்புறம் சும்மா குமிழி மட்டும் தான் வரும். பெரிய பிளான்ட்ல இதையே தான் பண்றாங்க, ஆனா கேஸை 8, 10 பாருக்கு அழுத்தி உயரமான டவர்ல கீழ இருந்து விடறாங்க, மேல இருந்து தண்ணி கொட்டுது, அழுத்தம் கூடுனா கரையறதும் கூடும், அப்ப ஒரு க்யூபிக்குக்கு 150, 200 லிட்டர் தண்ணி போதும். அந்தத் தண்ணிய இன்னொரு தொட்டியில காத்து பட விட்டு கேஸை வெளியேத்திட்டு மறுபடி சுத்த விடுவாங்க. டெல்லி ஐஐடியில வீரேந்திர குமார் விஜய்ங்கற பேராசிரியர் குழு இந்த தண்ணி டவர் முறைய நம்ம நாட்டு கோசாலை அளவுக்கு சின்னதாக்கி, பாட்டில்ல அடைச்சு காரே ஓட்டிக் காட்டுனாங்க. அந்த "சின்ன அளவு"ங்கறதே மணிக்கு 20 க்யூபிக் கணக்குல, உங்களுக்கு ஒரு நாளைக்கே 6 தான்.

சுண்ணாம்பு தண்ணி போட்டா என்னன்னு அடுத்து கேப்பீங்க. வேலை செய்யும், நல்லாவே செய்யும். ஆனா ஒரு க்யூபிக் கேஸை சுத்தம் பண்ண நீத்த சுண்ணாம்பு ஒண்ணே கால் கிலோ செலவாகும், தெனமும். அந்த சுண்ணாம்ப சூளையில சுடறப்ப அதே அளவு கார்பன் டை ஆக்சைடு அங்க வெளிய போயிருக்கும். அதனால யாருக்கும் லாபம் இல்லாத வேலை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் அப்படி விடக்கூடாது. அளவு ரொம்ப கம்மி, பத்து லட்சத்துல ஆயிரம் ரெண்டாயிரம் பங்கு இருக்கும், கோழி எச்சம் போட்டா இன்னும் கூட. அழுகுன முட்டை நாத்தம் வந்தா அதுதான். நாத்தம் வந்தா எங்க லீக்குன்னு பாத்து அடைக்கணும், நாத்தம் அடிச்சுட்டு இருந்தது திடீர்னு நின்னா இன்னும் பயப்படணும், ஏன்னா 100 பங்கு தாண்டுச்சுன்னா மூக்கு செத்துப் போயிடும், 500க்கு மேல போனா ஆளே போயிடுவாங்க. காத்தை விட கனமானது, குழிக்குள்ள தங்கும். பிளான்ட் குழிக்குள்ள எறங்கி கிளீன் பண்ணப் போனவங்க, அவங்கள காப்பாத்த எறங்கினவங்கன்னு வரிசையா போன செய்தி எத்தனையோ படிச்சிருப்பீங்க. தயவு செஞ்சு யாரையும் உள்ள எறக்காதீங்க.

இத எடுக்க பெரிய மெசினெல்லாம் வேண்டாம், துருப்புடிச்ச இரும்பு போதும். லேத் பட்டறையில கீழ விழற இரும்பு சுருள் ரெண்டு மூணு கிலோ கேட்டு வாங்கிக்கங்க. சோப்பு தண்ணியில நல்லா அலசி எண்ணெய் பிசுக்கு போகணும், இல்லன்னா துரு பிடிக்காது. உப்புத் தண்ணி தெளிச்சு வெயில்ல காய வெச்சு, மறுபடி தெளிச்சு, ஒரு வாரத்துல செங்கல் நெறத்துக்கு வந்துடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வாங்காதீங்க, அது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது. நாலு இஞ்ச் பிவிசி பைப் ரெண்டரை அடி நீளத்துக்கு வெட்டி, மர இழைப்புச் சுருளோட இந்தத் துருவ கலந்து தளர்வா நெரப்புங்க, ரெண்டு பக்கமும் மூடி, கீழ கேஸ் உள்ள, மேல வெளிய. லேசா ஈரம் இருக்கணும், சுத்தமா காஞ்சு போனா வேலை செய்யாது. ஒரு கிலோ துரு கணக்குப்படி 600 கிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு பிடிக்கணும், நெஜத்துல அதுல மூணுல ஒரு பங்கு பிடிச்சாலே நல்லது. ஊருக்கு கொண்டு போற கேஸை மட்டும் இதுல விட்டா ஒரு மாசம் தாராளமா வரும்.

துரு தீந்துடுச்சான்னு கண்டுபிடிக்க, செப்புக் கம்பிய சொரண்டி பளபளன்னு ஆக்கி ஃபில்டர் வெளிய வர்ற கேஸ்ல கொஞ்ச நேரம் காட்டுங்க. கறுத்தா துருவ மாத்தணும். வீட்ல வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுக்குதுன்னு யாராவது சொன்னாலும் அடுப்பு பக்கம் ஒரு கண்ணு வைங்க.

கறுத்த துருவ தூக்கிப் போட வேண்டியதில்ல, காத்து பட்டா மறுபடி செவப்பாகி கந்தகம் தனியா படிஞ்சுடும், ரெண்டு மூணு தடவ பயன்படுத்தலாம். ஆனா ஒண்ணு, அது செவப்பாகறப்ப சூடாகும். எனக்கு ஆரம்ப காலத்துல இது தெரியாது. பழைய துருவ எடுத்து சாக்குல கட்டி தேங்கா மட்டை குமிச்ச எடத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போய்ட்டேன், மத்தியானம் வந்து பாத்தா சாக்கு பொகஞ்சுட்டு இருந்தது, இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா மட்டையோட சேந்து சாளையும் போயிருக்கும். அதனால வெளிய எடுத்த ஒடனே தண்ணி தெளிச்சு, வெறும் மண்ணுல மெல்லிசா பரப்பி விடுங்க, வைக்கப்போர் பக்கமே போகக் கூடாது.

நீராவி விசயம் சுலபம். பைப்பை சரிவா போட்டு தாழ்வான எடத்துல ஒரு டீ (T வடிவ பைப் ஜாயின்ட்) போட்டு தண்ணி வடியறதுக்கு வழி பண்ணா போதும்.

இப்ப உங்களுக்கு நான் சொல்ற வழி, பை. கேஸ் பலூன்னு சொல்லுவாங்க, பிவிசி பூசின துணியில தைச்சு ஒட்டினது, கோபர் கேஸ் சாமான் விக்கிறவங்க கிட்ட கேட்ட அளவுக்கு செஞ்சு குடுப்பாங்க. எத்தியோப்பியா, கென்யா பக்கம் முதுகுல மாட்டிக்கிட்டு போற 1.2 க்யூபிக் பை இருக்கு, பிளான்ட் வெச்சிருக்க ஒருத்தர் கிட்ட போய் நெரப்பிக்கிட்டு வீட்ல மூணு நாலு மணி நேரம் சமைக்கிறாங்க. சீனாவுல ஒரு காலத்துல பஸ்ஸுக்கே கூரை மேல பெரிய கேஸ் பை கட்டி ஓட்டுனாங்க. அழுத்தமே கிடையாது, அதனால கம்ப்ரஸர் வேண்டாம், லைசென்ஸ் தலைவலி கிடையாது, கிழிஞ்சாலும் புஸ்ஸுனு போகுமே தவிர சிலிண்டர் மாதிரி சிதறாது. நாலஞ்சு பேர் இருக்க வீட்டுக்கு ஒரு நாள் சமையலுக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை க்யூபிக் போதும். உங்களுக்கு மிச்சமாகறது அதை விட அதிகம். மாசக் கணக்கு பாத்தா வீட்ல ஒண்ணுல இருந்து ஒன்றரை சிலிண்டர் வரைக்கும் மிச்சம்.

கேஸோட வெயிட் ஒரு கிலோ சொச்சம்தான், ஆனா பை ஒரு பீரோ அளவுக்கு இருக்கும், பைக்ல வெச்சா காத்து தள்ளும், பால் கொண்டு போற வண்டியில மேல கட்டி எடுத்துட்டுப் போங்க. மூடுன கார்ல வெக்கவே கூடாது. வண்டியில யாரும் பீடி பத்த வெக்கக் கூடாது. மொத தடவை நெரப்பறப்ப உள்ள இருக்க காத்தை அமுக்கி வெளியேத்திட்டு, கொஞ்சம் கேஸ் நெரப்பி திறந்த வெளியில விட்ருங்க, ரெண்டு தடவை இப்படி பண்ணிட்டு அப்புறம் முழுசா நெரப்புங்க. வீட்ல பையை சமையக்கட்டுக்குள்ள வெக்காதீங்க, வெளிய நெழல்ல, எலி போகாத எடத்துல. அங்க இருந்து ஹோஸ் உள்ள வரட்டும், நடுவுல ஒரு வால்வும், ஒரு பாட்டில்ல ரெண்டு இஞ்ச் தண்ணிக்குள்ள கேஸ் குமிழி விட்டு வர்ற மாதிரி ஒரு ஏற்பாடும் இருக்கணும், அடுப்புல இருந்து தீ திரும்பி வந்தா அந்தத் தண்ணி தடுத்துடும்.

அழுத்தத்துக்கு பை மேல பலகை போட்டு செங்கல் வைங்க. ஒரு சதுர மீட்டர் பலகைக்கு 50 கிலோ வெச்சா அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி அழுத்தம் கெடைக்கும், தண்ணி பாட்டில் தாண்டற அழுத்தத்தையும் சேத்து 100 கிலோ பக்கம் வைங்க, அது உங்க டிரம் குடுக்கற அழுத்தம் தான். லாரி ட்யூப்ல நெரப்பறவங்களும் இருக்காங்க, பரவால்ல, ஆனா ஒரு ட்யூப்ல கொள்றது ரொம்ப கம்மி, ஒரு டீ போடலாம், சமையல் பண்ண முடியாது.

வீடு ஒரு அரை கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்க இதப் படிச்சா, உங்களுக்கு பை கூட வேண்டாம். மணிக்கு ஒரு க்யூபிக் கேஸ் போக ஒரு இஞ்ச் ஹெச்டிபிஈ பைப் 400 மீட்டர் போட்டா ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி அளவு அழுத்தம் தான் வழியில கொறையும், டிரம்ல பத்து சென்டிமீட்டர் இருக்கு. சரிவும், தண்ணி வடியற டீயும் மறக்காதீங்க, ரெண்டடி ஆழத்துல புதைங்க, அவ்ளோதான்.

ஆட்டோ விசயத்துக்கு வரேன். வண்டி ஓடணும்னா 200 பார் சிஎன்ஜி (அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு) சிலிண்டர் வேணும், அங்க தான் சுத்தம் பண்றது கட்டாயம் ஆகுது. கார்பன் டை ஆக்சைடு 74 பார் தாண்டுனா திரவமாகற பக்கம் போயிடும், வால்வுல உறையும். அத விட பெரிய விசயம், ஈரமும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேந்து இருந்தா சிஎன்ஜி சிலிண்டரோட கடினமான எஃகுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், 200 பார்ல அது எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால தான் இந்திய தர நிர்ணயம் 16087 வண்டி கேஸுல குறைஞ்சது 90 சதவீதம் மீத்தேன் இருக்கணும், ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு க்யூபிக்ல 20 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு கட்டு போட்டிருக்கு. ஒரு க்யூபிக் கோபர் கேஸை இப்படி சுத்தம் பண்ணா 400 கிராம் மீத்தேன் கெடைக்கும், பத்து கிலோ சிலிண்டர் நெறைய 25 க்யூபிக் வேணும், உங்களுக்கு மிச்சமாகறதுல பத்து நாள் சேக்கணும். ஏத்தறதுக்கு கரண்ட் வேற தனியா.

இது பெரிய அளவுல நல்லா நடக்குது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நம்ம நாமக்கல் புதுச்சத்திரம் பக்கத்துலயே கோழி எச்சத்துல இருந்து எடுத்து, 2020ல இருந்து இந்தியன் ஆயில் பங்க்ல வண்டிக்கு குடுத்தாங்க. இந்தோர்ல 2022ல திறந்த பிளான்ட் தெனமும் 550 டன் வீட்டுக் குப்பைய வாங்கி 17 டன் கேஸ் எடுக்கற அளவுக்கு கட்டுனது, சிட்டி பஸ் ஓடுது. 2018ல மத்திய அரசு சதத்ங்கற திட்டம் போட்டப்ப 5000 பிளான்ட் வரும்னு சொன்னாங்க, அதுல ரொம்ப கொஞ்சம் தான் வந்திருக்கு, எனக்கு இதுல வருத்தம் உண்டு. பால் சொசைட்டி மாதிரி சாணிக்கும் ஒரு சொசைட்டி வெச்சு, முப்பது நாப்பது தோட்டம் சேந்து ஒரு பிளான்ட் போட்டா கம்ப்ரஸர், டவர் எல்லாத்துக்கும் கட்டுப்படி ஆகும்னு நான் ஒவ்வொரு ஊர்லயும் சொல்லிட்டே இருக்கேன்.

ஆட்டோவுக்கு பதிலா, தோட்டத்துல டீசல் எஞ்சின் இருந்தா அதோட காத்து உறிஞ்சற பைப்ல இந்த கேஸை விடுங்க, ஃபில்டர் வழியா. டீசல்ல முக்கால் பங்கு கொறையும், ரெண்டரை க்யூபிக் கேஸுக்கு அஞ்சு ஹெச்பி எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடும். ஊருக்கு பை கொண்டு போகாத நாள்ல அப்படி பயன்படுத்துங்க. எதுவும் பண்ண முடியாத நாள்ல அடுப்புல சும்மாவாவது எரிச்சு விடுங்க, ஏன்னா மீத்தேன் அப்படியே காத்துல போனா நூறு வருச கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 25 மடங்குக்கு மேல சூடேத்தும், டிரம் ஓரம் குமிழி விடறத பாக்கறப்ப எனக்கு மனசு கேக்காது.

வீட்டு அடுப்பு பத்தி ஒண்ணு மட்டும். எல்பிஜி அடுப்புல அப்படியே இந்த கேஸை விட்டா சரியா எரியாது, ஜெட் ஓட்டை ரொம்ப சின்னது. கோபர் கேஸ் பர்னர் தனியா வாங்குங்க, இல்லன்னா பழைய எல்பிஜி அடுப்பு ஒண்ணுல ஜெட்டை பெருசாக்கி காத்து ஓட்டைய மாத்தி வெச்சுக்கலாம், ஆனா அதுக்கப்புறம் அந்த அடுப்பை மறந்தும் எல்பிஜில மாட்டக் கூடாது, ஆள் உயரத்துக்கு தீ வரும். பை வாங்கறதுக்கு முன்னாடி டிரம்மோட குறுக்களவு எவ்ளோ, சாயங்காலம் எவ்ளோ உயரம் எழும்பி நிக்குது, காலையில எவ்ளோன்னு ஒரு வாரம் குறிச்சு சொல்லுங்க தம்பி, நெஜமா எவ்ளோ மிச்சமாகுதுன்னு கணக்கு போட்டு பை அளவு சொல்றேன்.